இரவல் அடுப்பில் வளர்ந்த மரக் கங்காரு

போன பொங்கலுக்கு அண்ணன் மகன் சிங்கப்பூரிலிருந்து புதூர் வந்திருந்தான். அடுப்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அங்கே உயிரியல் பூங்காவில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி மதினிக்குக் காட்டினான். ஒரு படத்தில் மதினி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். செம்பட்டை முடி, முதுகில் இரண்டு பொன் கோடு, கரடிக்குட்டி முகம், கிளைக்குக் கீழே கயிறு மாதிரித் தொங்கும் வால்.

"இது என்னடா, கரடியா கொரங்கா?"

"கங்காரும்மா. மரத்துல ஏறுற கங்காரு."

"கங்காரு எதுக்குடா மரத்துல ஏறுது? கீழ நாயி கெடக்கா?"

கேலிக்குக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. கங்காரு வம்சத்தின் ஆதி முன்னோர் மரத்தில் வாழ்ந்தவை. பிறகு தரைக்கு இறங்கித் துள்ளப் பழகின. அவற்றில் ஒரு கிளை மட்டும் மறுபடி மரத்துக்கே போய்விட்டது. இறங்கி ஏறிய அடையாளம் உடம்பில் இன்னும் இருக்கிறது: தரைக் கங்காருவைவிடப் பின்னங்கால் குட்டை, முன்னங்கை தடிமன், வளைந்த நகம். தரைக் கங்காரு இரண்டு பின்னங்காலையும் சேர்த்தே துள்ளும். மரக் கங்காரு ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கும், பின்னோக்கியும் நடக்கும். பதினெட்டு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்குக் குதித்தும் ஒன்றும் ஆகாமல் எழுந்து போகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு இனம் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. மற்றதெல்லாம் நியூகினித் தீவில். படத்தில் இருந்தது குட்ஃபெலோ மரக் கங்காரு. நியூகினி மலைக்காடுதான் அதன் சொந்த ஊர். அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

"சித்தப்பாவுக்கு இதப் பத்தித் தெரியும்மா" என்று பயல் என்னை மாட்டிவிட்டான். சிங்கப்பூர் பூங்காவுக்கு 2016-ல் வந்த மக்காயா என்ற ஆண் மரக் கங்காருவின் கதையைப் படித்திருந்தேன். தாய் செத்த பிறகு, ஐந்து வார வயதில், வேறொரு இனத்தின் பையில் போட்டு வளர்க்கப்பட்ட குட்டி அது. மதினிக்கு உயிரியல் சொன்னால் எடுபடாது. எனக்குமே சரியாகச் சொல்லத் தெரியாது. அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்ததால் கைக்கு எட்டிய பாத்திரங்களை வைத்தே சொல்ல ஆரம்பித்தேன்.

ஊறப்போட்டது கொஞ்ச நேரம், கட்டி வைத்தது நெடுநேரம்

பாசிப்பயறு முளைகட்டுவது கரிசல்காட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி ஊறப்போடுகிறோம். காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுகிறோம். ஊறுவது ஒரு ராத்திரி. முளை விடுவதோ துணிக்குள், இருட்டில், ஈரத்தில், மிதமான சூட்டில்.

ஆடு, மாடு, மனுஷி எல்லாம் பிள்ளையைப் பெரும்பாலும் ஊறல் பானையிலேயே வளர்த்து எடுக்கிற ஜாதி. வெள்ளாட்டுக்கு ஐந்து மாதச் சினை. போட்ட குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று மடியைத் தேடும். கங்காரு வகையின் கணக்கே வேறு. ஊறல் கொஞ்சம், துணிக்கட்டு நிறைய. மரக் கங்காருக்களில் அதிகம் ஆராயப்பட்டது மாட்ஷி மரக் கங்காரு. அமெரிக்கப் பூங்காக்களில் நாள் எண்ணிப் பார்த்ததில் அதன் கர்ப்பகாலம் சுமார் 44 நாள். குட்டியைப் பையில் வளர்க்கும் பைம்மா வகைகளில் இதுவே மிக நீளமான கர்ப்பம் என்கிறார்கள். சிவப்புக் கங்காருவுக்கு 33 நாள்தான். அந்த நீண்ட 44 நாளுக்குப் பிறகும் பிறப்பது ஒரு மொச்சைக்கொட்டை அளவு உயிர். கண் திறக்கவில்லை, முடி இல்லை, பின்னங்கால் வெறும் மொட்டு. முன்னங்கை மட்டும் தேறியிருக்கும். அந்தக் கையால் தாயின் வயிற்று முடியைப் பற்றிப் பற்றி ஏறிப் பைக்குள் போய்ச் சேர்கிறது. தாய் தூக்கி வைப்பதில்லை.

அதன் பிறகு துணிக்கட்டு. மாட்ஷி குட்டி சுமார் 28 வாரத்தில் முதன்முதலாகப் பையைவிட்டு வெளியே வருகிறது. 41 வாரத்தில் பையை ஒரேயடியாகக் காலி செய்கிறது. அதற்கப்புறமும் சில மாதம் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பால் குடிக்கும். ஒரு குட்டியைக் கரை சேர்க்கத் தாய்க்கு ஓராண்டுக்கு மேல் பிடிக்கிறது. ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். இந்த இனம் பூங்காவில் பெருகுவது ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

முளைப்பயற்று உவமை இந்த இடத்தில் முறிகிறது. பயறு தன் சாப்பாட்டைத் தன் பருப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. துணி ஈரத்தைக் கொடுத்தால் போதும். குட்டியிடம் கட்டுச்சோறு எதுவும் கிடையாது. துணிக்குள்ளேயே ஊட்டியாக வேண்டும்.

சங்கு

எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டச் சங்கு வைத்திருப்பார்கள். பிறந்த பிள்ளைக்குச் சின்னச் சங்கு, மூக்கு குறுகினது. கங்காருவின் பைக்குள் நான்கு காம்பு இருக்கிறது; நான்கு சங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வந்து சேர்ந்த குட்டி ஒன்றைக் கவ்வுகிறது. கவ்வியதும் காம்பின் நுனி குட்டியின் வாய்க்குள் உப்பிக்கொள்கிறது. பிறகு அந்தச் சங்கு வாயிலிருந்து வராது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குட்டி அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழியும். குட்டி வளர வளர, அது குடிக்கும் காம்பும் நீண்டு பருக்கும். பக்கத்துக் காம்பு மூன்றும் பழையபடி சிறிதாகவே இருக்கும்.

சங்கில் வருகிற பாலும் ஒரே பால் இல்லை.

முதல் சோறு ஊட்டும் வீட்டில் என்ன செய்கிறோம்? முதலில் சோறு வடித்த கஞ்சி. பிறகு குழையப் பிசைந்த பருப்புச் சோறு. அப்புறம் நெய். தலைகீழாகக் கொடுத்தால் வயிறு தாங்காது. கங்காருத் தாய் இந்த வரிசையை மடிக்குள்ளேயே நடத்துகிறாள். தொடக்கத்துப் பால் தண்ணீராக இருக்கும். சர்க்கரை அதிகம், கொழுப்பு குறைவு. குட்டி பையைவிட்டு எட்டிப் பார்க்கும் காலத்தில் கொழுப்பு ஏறி, சர்க்கரை ஏறத்தாழ வற்றிப்போகிறது. பசும்பாலிலும் சீம்பாலுக்கும் மற்றப் பாலுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அது நான்கு நாள் சமாச்சாரம். இங்கே மாதக்கணக்கில் சமையல் மாறிக்கொண்டே போகிறது. சிவப்புக் கங்காரு இன்னும் ஒருபடி மேலே. வெளியே ஓடித் திரியும் மூத்த குட்டிக்கு ஒரு காம்பில் கெட்டிப்பால், உள்ளே தொங்கும் கைக்குட்டிக்கு அடுத்த காம்பில் நீர்ப்பால், இரண்டும் ஒரே நேரத்தில். இரட்டை அடுப்பில் ஒரு பக்கம் கஞ்சியும் மறுபக்கம் கறிக்குழம்பும் கொதிக்கிற மாதிரி.

"ரெண்டு அடுப்புல ஒரே சமயம் வைக்கிறதுல என்ன அதிசயம் இருக்கு? நான் தினமும் வைக்கேன்" என்றார் மதினி. அது வாஸ்தவம்.

ஆனால் மதினி செய்யாத ஒன்று இந்தச் சமையலில் உண்டு. சாப்பிட வந்தவர் முகத்தைப் பார்த்து இந்தச் சமையல்காரி பரிமாறுவதில்லை. வரிசையைத் தீர்மானிப்பது தாயின் மடிக்குள் ஓடும் கடிகாரம். டாமர் வாலபி என்ற சின்னக் கங்காரு வகையில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். சின்னக் குட்டியை எடுத்து, பால் முற்றிய தாயிடம் மாற்றிவிட்டார்கள். அந்தத் தாய் புதுக்குட்டிக்காகப் பழைய நீர்ப்பாலுக்குத் திரும்பவில்லை. தன் வரிசைப்படியே கெட்டிப்பாலைக் கொடுத்துக்கொண்டு போனாள். குட்டியும் வழக்கத்தைவிட வேகமாக வளர்ந்தது. பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் போய் உட்கார்ந்தால் இலையில் பாயசம்தான் விழும். சோறு கேட்டால் கிடைக்காது.

அடிலெய்டில் ஒரு காலை

2014 நவம்பர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு உயிரியல் பூங்கா. காலையில் வேலைக்கு வந்த பராமரிப்பாளர்கள், ராத்திரி முறிந்து விழுந்த கிளைக்கடியில் பெண் மரக் கங்காரு செத்துக் கிடப்பதைக் கண்டார்கள். பைக்குள் ஐந்து வாரக் குட்டி உயிரோடு இருந்தது. அதுதான் மக்காயா.

ஐந்து வாரம் என்றால் என்ன? மாட்ஷி கணக்கில் 41 வாரத் துணிக்கட்டில் எட்டில் ஒரு பங்குகூட ஆகவில்லை. முளை இன்னும் தோலைக்கூடக் கிழிக்கவில்லை. இந்த வயதில் புட்டிப்பால் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தப் புட்டிக்கும் அந்த வாய்க்கு ஏற்ற சங்கு கிடையாது. கையில் வைத்து வளர்ப்பது நடக்காது என்று அங்கே பொறுப்பில் இருந்த கெய்ல் மேல்ஸ் என்ற பராமரிப்பாளருக்குத் தெரியும்.

இதில் என்ன வழி இருக்கிறது என்று மதினியிடம் கேட்டேன். ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "இன்னொண்ணு மடியில விட வேண்டியதுதான."

ஆடு வளர்த்த ஊரில் பிறந்தவர். தாய் செத்த குட்டியை, அதே நேரத்தில் ஈன்ற இன்னொரு ஆட்டிடம் விடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அந்த ஆடு முகர்ந்து பார்த்து முட்டும். காலைப் பிடித்துக்கொண்டு குட்டியைக் குடிக்க விடவேண்டும். இரண்டு மூன்று நாளில் வாசம் பழகிப்போகும். அடிலெய்டிலும் அதையேதான் செய்தார்கள். ஆனால் அங்கே காலைப் பிடித்துக்கொள்வது முக்கியமில்லை, பந்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். ஐந்து வாரக் குட்டிக்கு ஏற்ற பாலும், அதன் வாய் அளவுக்கு நீண்ட காம்பும் அன்றைக்கே தயாராக இருக்கிற ஒரு தாய் வேண்டும். அந்தப் பூங்காவில் இன்னொரு மரக் கங்காரு அப்படிக் காத்திருக்கவில்லை. இருந்தது மஞ்சள் கால் பாறை வாலபி. பாறை இடுக்குகளில் துள்ளித் திரிகிற சின்னக் கங்காரு வகை. வம்ச மரத்தில் பாறை வாலபியும் மரக் கங்காருவும் பங்காளி முறைதான். ஆனால் ஒன்று கல்லில் பிழைக்கிறது, மற்றது கிளையில். உடம்பு வாகும் நடத்தையும் வேறு.

பாறை வாலபி மடியில் அந்நியக் குட்டியை வைப்பது அடிலெய்டுக்குப் புதிதல்ல. 1990-களிலேயே தொடங்கிவிட்டார்கள். அழிவின் விளிம்பில் நின்ற தூரிகைவால் பாறை வாலபியைப் பெருக்க அந்த வழியைப் பயன்படுத்தினார்கள். அதன் சூட்சுமம் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது.

இட்லி மாவு அரைத்து, பாதியை அடுப்படியில் புளிக்க வைக்கிறோம், மீதியைக் குளிர்ப்பெட்டியில் வைக்கிறோம். உள்ளே இருக்கும் மாவு கெட்டுப்போகாது, பொங்கவும் பொங்காது. வெளியே எடுத்து வைத்தால் மறுபடி வேலையைத் தொடங்கும். கங்காரு, வாலபி இனங்கள் பலவற்றில் தாய் ஒரு குட்டியைப் பையில் வளர்க்கும்போதே அடுத்த கருவும் தரித்துவிடும். அந்தக் கரு நூறு செல்லுக்கும் குறைவான உருண்டையாக அப்படியே உறங்கும். பையில் இருக்கும் குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும் வரை குளிர்ப்பெட்டி மூடியே இருக்கும். குட்டி போனாலோ பால் மறந்தாலோ பெட்டி திறக்கும், கரு வளரத் தொடங்கும். இதைத் தெரிந்துகொண்ட பூங்காக்காரர்கள், அரிய வாலபியின் குட்டியைச் சாதாரண வாலபியின் பைக்கு மாற்றினார்கள். அரிய தாய் உடனே அடுத்த மாவை வெளியே எடுக்கும். ஆண்டுக்கு ஒரு குட்டி தருகிறவளிடம் பல குட்டி பெறலாம்.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஒரு தாயை இப்படி வருஷம் முழுக்க ஓய்வில்லாமல் அடுப்பில் வைப்பது எனக்கு முழுச் சம்மதமில்லை. அழிந்துபோவதற்கு இது மேல் என்ற பதில் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பேச்சும் என்னிடம் இல்லை.

ஆக, மற்ற வாலபிகளுக்குச் செய்து பழகிய வித்தையை அன்றைக்கு மரக் கங்காருவுக்குச் செய்தார்கள். உலகிலேயே அது முதல் முறை. குட்டி காம்பைக் கவ்வியது. வாலபி ஏற்றுக்கொண்டது. சில வாரத்தில் பையின் விளிம்பில் ஒரு காது, ஒரு பாதம், ஒரு வால் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. ஏறத்தாழ மூன்றரை மாதம் அந்தப் பையில் இருந்தது.

ஏன் மூன்றரை மாதத்தோடு நின்றது? வாடகைக்கு இருந்தவன் வீட்டைவிடப் பெரியவனாகிவிட்டான் என்பது ஒரு பதில். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில் இன்னொன்றும் தோன்றியது. மஞ்சள் கால் வாலபியின் குட்டி சுமார் ஆறரை மாதத்தில் பையைக் காலி செய்துவிடும். மரக் கங்காருவுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் வேண்டும். ஒரு பானை வேகமாக வேகிற அரிசி, மற்றது கைக்குத்தல். இரண்டையும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் இறக்க முடியாது. எவ்வளவு பொருத்தமாகச் சேர்த்தாலும் கடிகாரங்கள் மெல்ல மெல்ல விலகத்தான் செய்யும்.

அதன் பிறகு கெய்ல் மேல்ஸே தாயானார். துணிப்பை, புட்டி, ராத்திரி விழிப்பு. ஆஸ்திரேலியாவில் அடிபட்ட கங்காருக் குட்டிகளை வீட்டில் வளர்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக வோம்பரூ என்ற பால்மாவு விற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதன் டப்பாதான். மனிதப் பிள்ளைக்கு ஆறு மாதம், ஒரு வயது என்று எழுதியிருப்பது போல அதில் மாதக் கணக்கு இல்லை. 0.4-க்குக் கீழ், 0.4, 0.6, 0.7-க்கு மேல் என்று போட்டிருக்கும். பை வாழ்க்கையில் எத்தனை பங்கு முடிந்திருக்கிறது என்ற கணக்கு அது. தாயின் மடிக்கடிகாரத்தைத் தகரத்தில் அச்சடித்து விற்கிறார்கள். பசும்பால் கொடுத்தால் கங்காருக் குட்டிக்குக் கழிச்சல் காணும். அதிலுள்ள பால் சர்க்கரை கண்ணில் புரை விழவும் வைக்கும். இரக்கப்பட்டு ஊற்றிய பாலில் எத்தனை குட்டிகளுக்குக் கண் போயிருக்குமோ.

உறைமோர்

மக்காயா பிழைத்தது ஒரு பாதி. மனித வாசத்தில் வளர்ந்த ஆண், தன் இனத்துப் பெண்ணைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்ளுமா என்பது மறுபாதி. கைவளர்ப்புப் பிராணிகளிடம் அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு.

2016-ல் அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். ஏன் அவ்வளவு தூரம்? புதூரில் வெயில் காலத்தில் மதினி அடிக்கடி செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. ஒரே வீட்டு உறைமோரையே திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தால் சில வாரத்தில் தயிர் நூலாக இழுக்கும், புளிப்பு மாறும். உடனே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார். "ஏ அக்கா, கொஞ்சம் உறைமோர் ஊத்துங்க." அந்த வீட்டு உறை கெட்டால் அவர்கள் இங்கே வருவார்கள். தெருவில் யார் வீட்டிலாவது நல்ல உறை உயிரோடு இருக்கும்வரை எல்லார் வீட்டிலும் தயிர் உறையும்.

உலகப் பூங்காக்களில் குட்ஃபெலோ மரக் கங்காரு மிகச் சில. ஒரு பூங்காவில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு. இவற்றுக்குள்ளேயே கொண்டு கொடுத்தால் சில தலைமுறையில் உறை கெட்டுவிடும். அதனால் எந்தக் குட்டிக்கு எது தாய், எது தந்தை, பாட்டன் யார் என்று வம்சப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். எந்த ஆணை எந்தப் பெண்ணிடம் அனுப்புவது என்பதைப் பதிவேடு பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். நாம் ஜாதகம் பார்ப்பது போல என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நம் ஊரில் அத்தை மகள், மாமன் மகள் என்று தேடித் தேடிக் கட்டுகிறோம். அங்கே பொருத்தம் என்பதே சொந்தம் இல்லாமல் இருப்பது. குட்ஃபெலோ மரக் கங்காருவுக்கு இந்தப் பதிவேட்டு வேலையைக் கண்டம் கண்டமாகப் பிரிக்காமல் உலகம் முழுக்க ஒன்றாகச் சேர்த்தே நடத்துகிறார்கள். அவ்வளவு குறைவு.

மக்காயாவுக்குப் பார்த்த பெண் நூபெலா, சிட்னியின் டரோங்கா பூங்காவில் பிறந்தவள். நியூகினியின் டோக் பிசின் மொழியில் அந்தப் பெயருக்குப் 'புதுசு' என்று பொருள். டரோங்காவில் இருபது ஆண்டுக்கு மேலாக மரக் கங்காரு குட்டி போடாமல் இருந்து, அந்த இடைவெளிக்குப் பிறகு பிறந்ததால் அப்படி வைத்தார்கள். பெரிய பூங்கா, தேர்ந்த ஆட்கள், இருபது வருஷம். பிறகு ஒரு குட்டி. 2018-ல் சிங்கப்பூரில் மக்காயாவுக்கும் நூபெலாவுக்கும் குட்டி பிறந்தது. வாலபி மடியில் பால் குடித்தவன் அப்பனானான். சந்தேகம் தீர்ந்தது.

மூடியைத் திறக்காதே

சேர்த்து வைப்பது அவ்வளவு சுலபமில்லை. மரக் கங்காரு தனிக்கட்டை. காட்டிலும் தனியாகத்தான் திரியும். ஒரே அடைப்பில் இரண்டு ஆணை விட்டால் ஒரே உறையில் இரண்டு கத்தி. பெண்களுக்குள்ளும் சண்டை வரும். பல பூங்காக்களில் ஆணையும் பெண்ணையும் தனித்தனி அடைப்பில் வைத்து, பக்குவ நாளில் மட்டும் கதவைத் திறக்கிறார்கள். மாட்ஷி பெண்ணின் பருவச் சுழற்சி ஏறக்குறைய எட்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒன்றைத் தவறவிட்டால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

கர்ப்பம் நின்றதா என்பதை வயிற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. மொச்சைக்கொட்டை எவ்வளவு வயிறு காட்டும்? பைக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். புது மருமகள் இட்லிப் பானையை நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்ப்பதும், ஆவி போய் இட்லி கல்லாவதும் எந்த வீட்டில் நடக்கவில்லை? பையும் அப்படித்தான். பலவந்தமாகப் பிடித்துத் திறந்தால் மிரண்ட தாய் குட்டியையே உதறிவிடும். அதனால் இப்போது பிராணியைப் பழக்குகிறார்கள். ஒரு துண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொடுத்து, நிமிர்ந்து நிற்கச் சொல்லி, வயிற்றைத் தொட விட்டு, விரல் வைக்க விட்டு, மாதக்கணக்கில் பழக்கி, கடைசியில் அதுவாகவே பையைக் காட்டி நிற்கும். அந்தச் சில நொடியில் பார்த்துக்கொள்வார்கள். சில இடங்களில் சின்னக் கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பதும் உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் மரக் கங்காரு ஒரு நடமாடும் மாவுச் சட்டி. தின்ற இலையை இரைப்பையின் முன்பகுதியில் நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்க வைத்துத்தான் செரிக்கிறது. நம் மாடும் அதையே செய்கிறது. ஆனால் மாடு விடும் அளவுக்குக் கங்காரு வகை மீத்தேன் வாயுவை விடுவதில்லை. அதன் சட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்க் கூட்டம் வேறு. புளிக்கிற சட்டியில் திடீரென்று சர்க்கரையைக் கொட்டினால் என்ன ஆகும் என்று மாவாட்டியவர்களுக்குத் தெரியும். அதனால் பழம் கொஞ்சமாக, இலைக்கொத்து நிறைய, கீரை, கிழங்கு, நார்ச்சத்துத் தீவனம். பூங்காவில் உட்கார்ந்து தின்று தொந்தி போடுவது இவற்றுக்கு உண்மையான ஆபத்து. சூடும் ஆகாது. மலைக்காட்டுக் குளிரில் வளர்ந்த உடம்பு. சிங்கப்பூரில் குளிர்ச்சியை அளந்து வைத்த கூடத்தில்தான் இவற்றை வைத்திருக்கிறார்கள்.

"அப்ப நம்மூருக்கு ஆகாது" என்றார் மதினி, சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கும் கொல்லையைப் பார்த்தபடி.

ஆகாதுதான். ஆனால் ஆகாத ஊருக்குக் கொண்டுவரத் துடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் மேற்கு வங்கத்தில் சிலிகுரிப் பக்கம் சாலையோரத்தில் கங்காருக்கள் திரிந்தன. தரைக் கங்காரு. வனத்துறையினர் மெலிந்து அடிபட்டிருந்த மூன்றைப் பிடித்தார்கள். கடத்திவந்து வழியில் விட்டுப்போனவை என்று சொல்லப்பட்டது. ஒன்று பிழைக்கவில்லை. வம்சப் பதிவேடும் மடிக்கடிகாரமும் ஒரு பக்கம். லாரியில் சாக்குக்கடியில் கங்காரு இன்னொரு பக்கம்.

பூங்காவை நான் கொஞ்சம் புகழ்ந்துவிட்டேனோ என்று பட்டது. பூங்கா உறைமோர்க் கிண்ணம்தான், பால் பானை காட்டில் இருக்கிறது. லிசா டாபெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் முதலில் மாட்ஷி மரக் கங்காருவைப் பூங்காவில்தான் ஆராய்ந்தார். பிறகு 1996-ல் பப்புவா நியூகினியின் ஹுவான் தீபகற்பத்தில் வேலை தொடங்கினார். அங்கே காடு அரசாங்கத்துடையது அல்ல, கிராமத்துக் குடும்பங்களுடையது. வேட்டைக்காரர்களும் அவர்கள்தான். அவர்களே தங்கள் நிலத்தில் பகுதி பகுதியாக வேட்டை வேண்டாம் என்று ஒதுக்கிக் கொடுத்தார்கள். 2009-ல் அது யோப்னோ, உருவா, சோம் என்ற மூன்று ஆறுகளின் முதலெழுத்தைச் சேர்த்து 'யுஸ்' பாதுகாப்புப் பகுதி என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 75,000 ஹெக்டேருக்கு மேல். அந்தச் சட்டப் பிரிவில் அந்த நாட்டின் முதல் பாதுகாப்புப் பகுதி அதுதான். அந்த ஊர்க்காரர்கள் விளைவிக்கும் காப்பிக்கொட்டை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் விலைபோகிறது.

காப்பி என்றதும் மதினி எழுந்து பால் சட்டியை ஏற்றினார். பயல் மறுபடி போனில் மூழ்கிவிட்டான். கதை முடிந்தது என்று நானும் காலை நீட்டினேன்.

"தம்பி, அந்த வாலபி மடியில இந்தக் குட்டிய விட்டாகள்ல. அப்ப அது குட்டி எங்க போச்சு?"

நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். பால் ஓடிக்கொண்டிருக்கும் மடி என்றால் அதில் ஏற்கெனவே ஒரு குட்டி குடித்துக்கொண்டிருக்கும். மாற்றுத்தாய் முறையில் பை ஒருவருக்குத்தான். வாலபியின் சொந்தக் குட்டியை எடுத்தால்தான் இடம். கைவளர்ப்புக்கு எட்டாத அதே வயதுதான் அதற்கும். வாலபியின் வயிற்றுக்குள் குளிர்ப்பெட்டி மாவு ஒன்று இருந்திருக்கலாம், அடுத்து ஒரு குட்டி வந்திருக்கும் என்று நான் சொன்னேன்.

மதினி ஒன்றும் சொல்லவில்லை. பொங்கி வந்த பாலை இறக்கி, ராத்திரி உறை ஊற்றுவதற்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து மூடி வைத்தார்.